கண் திறந்த தலை

“அது காயமில்லை, வெடிப்பு. சூளையிலை வேகேக்கை விழுந்திருக்கும்.”

“சரி, வெடிப்பாவே இருக்கட்டும். மச்சம்?”

“மச்சம் அவளின்ரைதான். இடக்காதுக்குக் கீழை, கழுத்தும் தாடையும் சேருற இடத்திலை. தாலி கட்டின எனக்குத் தெரியாதே?”

“முகம்?”

“முகமும் அவள்தான். அதுதான் உங்களிட்டை ஓடி வந்தனான். எனக்கு ஒண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும். இதைச் செய்தது யார்?”

கேட்டவர் தனேஸ்வரன். பதுளை நகரில் தரை ஓடும் குளியலறைச் சாமானும் விற்கிற பெரிய கடைக்காரர். நனைந்த குடையை மடியில் வைத்திருந்தார். காற்சட்டை ஈரமாவதுகூட அவருக்கு உறைக்கவில்லை. எதிரே சிவரூபி. முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்தவள். இப்போது புடைவைக் கடை மாடியில் ஓர் அறை, சில நாற்காலிகள், ஓர் உதவியாளன் என்று தனியாகத் துப்பறிகிறவள். அந்த உதவியாளன் கஜேந்திரன் ஜன்னலோரம் நின்றான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவன். முச்சக்கர வண்டி ஓட்டிய காலத்தில், வாய் ஓயாத குற்றத்துக்காக ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஏச்சு வாங்கி, கடைசியில் அந்த வாயைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே ஆளிடம் வண்டியோடு வந்து சேர்ந்தவன்.

நான்காவது ஆள் மேசை மேல் இருந்தது.

வெண்களிமண்ணில் வார்த்து, மெருகிட்டுச் சுட்டு, கையால் நிறம் தீட்டிய ஒரு பெண்ணின் தலை. ஒரு காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் மனைவிமாரான தொரசாணிமார் இரவில் தங்கள் டோப்பாவைக் கழற்றி மாட்டிவைத்த தாங்கி அது. உச்சி மொட்டை. மேலெங்கும் சிலந்தி வலைபோலப் பழுப்பு நிற நூல்வெடிப்புகள். இடக்காதுக்கு மேலே மட்டும் ஒரு செங்கோடு வளைந்து போனது. அதன் குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள். ஆனால் பார்க்கிறவரின் பார்வை அங்கே போகாது. கண்களில் மாட்டிக்கொள்ளும். அகலத் திறந்த, ஈரம் காயாத கண்கள். கஜேந்திரன் காலையிலிருந்து இரண்டு தடவை இடம் மாறி நின்று பார்த்துவிட்டான். அவை அவனை விடவில்லை.

“ரயிலிலை நடந்ததை இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றாள் சிவரூபி.

“தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை. நானும் விஜயலெட்சுமியும் பண்டாரவளையிலையிருந்து பின்னேர ரயிலிலை வந்தனாங்கள். தெமோதரை ஸ்டேசன் தாண்டுமட்டும் பக்கத்திலைதான் இருந்தவள். பிறகு நான் கண் அயர்ந்திட்டன். முழிச்சாப் பதுளை. ஆள் இல்லை. பொலிஸிலை, ஆரோடையோ போயிருப்பா எண்டு சிரிச்சு அனுப்பிப் போட்டினம்.”

“இந்தத் தலை?”

“போன கிழமை பண்டாரவளையிலை, ஜுனைதீன் எண்டவரின்ரை பழஞ்சாமான் கடைக் கண்ணாடிக்குள்ளை நிண்டு என்னைப் பாத்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தினது, ஸ்பிரிங்வெளிப் பங்களாத் தொரசாணி வைச்சிருந்தது எண்டு அந்த மனுசன் சத்தியம் பண்ணுறார்.”

“நாப்பது வருசத்துக்கு முந்தி ஒங்க சம்சாரம் பொறந்தே இருக்க மாட்டாங்களே சார்,” என்றான் கஜேந்திரன்.

தனேஸ்வரன் அவனைத் திரும்பிப் பார்த்தார். “அதுதான் தம்பி என்ரை நித்திரையைக் கெடுக்குது.”

எழுந்தார். “எங்கை போறதெண்டாலும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் கடையிலை, ஃபோனடியிலைதான் இருப்பன்.” அட்டையை நீட்டினார். சிவரூபியிடம் அல்ல, கஜேந்திரனிடம். தன்னை ஒரு பெரிய மனிதர் ஆளாக மதித்துவிட்டார் என்று அவனுக்குச் சட்டைப்பைக்குள்ளே ஒரு குளிர்ச்சி.

படியில் காலடிகள் இறங்கி ஓய்ந்ததும், “பாவம் மிஸ் அந்த மனுசன்,” என்றான்.

சிவரூபி களிமண் தலையை எடுத்தாள். அதைக் கவிழ்த்து, கழுத்தடித் துளைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சுருண்ட கறுப்புத் துணுக்கொன்று காகிதத்தில் விழுந்தது. ஊறி, விரிந்து, மறுபடி காய்ந்த ஓர் இலை.

“கஜேந்திரன், இது என்ன?”

“தேயில மிஸ். இதுக்கா துப்பறியணும்? எங்க லயத்துல கைக்குழந்தகூடச் சொல்லும்.”

“தேயிலை எண்டு எனக்கும் தெரியும். தலைக்குள்ளை ஏன்?”

“யோசிக்கிற தலையோ என்னவோ. தூக்கம் வராம டீ குடிச்சிருக்கும்.”

“வண்டியை எடும்.”

பண்டாரவளை முழுக்க மூடுபனி கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மரக்கறி லொறிகள் பகலிலேயே விளக்குப் போட்டு ஊர்ந்தன. ஜுனைதீன் கடைக்குள் பித்தளை மணிகளும், நின்றுபோன கடிகாரங்களும், யாரும் உட்காராத ஆடும் நாற்காலிகளும். வெள்ளைத் தொப்பி போட்ட கடைக்காரர், எல்லாருக்கும் அண்ணன் முறையில் ‘நானா’, வாயெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

“வாங்க மிஸ், இரிங்க. ரெண்டு பிளேன்டீ போடச் செல்லவா?”

“போட வேண்டாம் நானா. போட்டு வைச்சிருக்கிறது எங்கை எண்டு காட்டினாக் காணும்.”

சிரிப்பு பாதியில் நின்றது. சிவரூபி காகிதத்தை விரித்து இலையைக் காட்டினாள்.

“தோட்டப் பக்கந்தானே மிஸ். எங்க பாத்தாலும் தேயிலதான்.”

“காய்ச்சின தேயிலை, நானா.”

இதற்குள் கஜேந்திரன் பின்திரையை விலக்கி உள்ளே போயிருந்தான். அவன் குரல் மட்டும் வந்தது. “மிஸ், இங்க ஒரு குளியல் தொட்டி நெறய பிளேன்டீ! தொரசாணிங்க கழுத்து வரைக்கும் முங்கிக் குளிக்கிறாங்க. சீனி மட்டுந்தான் போடல.”

ஜுனைதீன் மெல்ல உட்கார்ந்தார். “புதுசுண்டு சென்னா டூர் வார வெள்ளக்காரன் வாங்க மாட்டான் மிஸ். சாயம் அந்த நூல்வெடிப்புக்குள்ள எறங்கினா வயசு ஏறிரும். நான் யாருட குடியக் கெடுத்தன்?”

“ஒரு தொட்டி டீயில நாப்பது வருசமா?” திரையிலிருந்து கஜேந்திரனின் முகம் நீண்டது. “எங்கம்மா காலையிலேருந்து கோப்ப கோப்பயாக் குடிக்கிறாங்க. அவங்களுக்கு இப்ப முந்நூறு வயசிருக்கணுமே!”

சிவரூபி சிரிக்கவில்லை. சுவர்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே வரிசையாக டோப்பாத் தலைகள். செவ்வுதடு, ரோசாக் கன்னம், நீலம் தீட்டிய இமை. ஒன்றுகூட விழித்திருக்கவில்லை. எல்லாமே இமை மூடி, ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவைபோல இருந்தன. தான் கொண்டுவந்த தலையைப் பையிலிருந்து எடுத்து அவற்றின் நடுவில் வைத்தாள். தூங்குகிறவர்கள் கூடத்தில் ஒருத்தி மட்டும் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. கஜேந்திரனுக்கு வாயில் வந்த பகிடி திரும்பிப் போனது.

“இது மட்டும் ஏன் நானா முழிச்சுக்கொண்டிருக்கு?”

“அதுதான் எனக்கும் வெளங்கல்ல. அந்தப் பொம்பள எப்பயும் கண்ண மூடித்தான் தருவா. இது லோட்டோட லோட்டா வந்திரிக்கி. நான் வித்த மறுநாள்...” தயங்கினார். “ஒரு நாளும் மலைய விட்டு எறங்காத மனிசி, மழையில நனஞ்சிக்கிட்டு வந்து, அந்தத் தலையத் தாங்க நானா, காசு வேணாண்டு அழுதா. வித்தாச்சிண்டேன். யாருக்குண்டு கேட்டா. நான் செல்லல்ல. வாங்கினவர் வந்து செஞ்சது யாருண்டு கேட்டாரு. அவருக்கும் செல்லல்ல. யாவாரத்துல அப்படிச் செல்லக்கூடாது மிஸ்.”

“எனக்குச் சொல்லத்தான் வேணும். இல்லாட்டி உங்கடை தொட்டியைப் பற்றி ஹோட்டல் ஹோட்டலா இவர் போய்ச் சொல்லுவார். இவரின்ரை வாயை நீங்கள் பாத்தனீங்கள்தானே?”

ஜுனைதீன் கஜேந்திரனின் வாயைப் பார்த்தார். உடனே சொல்லிவிட்டார்.

“அங்கம்மா. தெமோதரைக்கு மேல, மூடிக் கெடக்கிற ஃபெக்டரிக்குப் பக்கத்துல, அத நடத்தின டீமேக்கர்ட பழைய வீடு.”

தெமோதரைச் சந்தியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே போகிற வழியை விசாரிக்கச் சிவரூபி தேநீர்க் கடைக்குள் நுழைந்தாள். எதிரே ‘கொமியூனிகேஷன்’ என்று பெயர்ப்பலகை போட்ட, காசு கொடுத்துத் தொலைபேசி பேசுகிற ஒரு பெட்டிக்கடை. கஜேந்திரனின் சட்டைப்பையில் அந்த அட்டை. ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும்? வீட்டில் பெண்டாட்டியைக் காணாமல் தவிக்கிற மனிதர். நல்ல செய்தியைத் தன் வாயால் சொல்லுகிற பாக்கியம் அவனுக்கு அடிக்கடி வாய்ப்பதும் இல்லை.

“சார், கஜேந்திரன் பேசுறேன். ஆளு கெடச்சாச்சு சார்!”

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் ஓசை.

“ஆர்?”

“அங்கம்மான்னு ஒரு பொம்பள. தெமோதரைக்கு மேல, பழைய டீமேக்கர் வீடு. இப்ப அங்கதான் போறோம்.”

“தனியவோ இருக்கிறா?”

“அதத் தெரியாதுங்க சார்.”

“வேறை ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“ஒங்களுக்குத்தான் மொதல்ல சார்.”

“நல்ல பிள்ளை,” என்றது குரல். மிகவும் மெதுவாக, குழந்தையைத் தூங்கப் போடுவதுபோல. “நான் இப்பவே வெளிக்கிடுறன்.”

தொலைபேசியை வைத்த பிறகும் அந்த மெதுவான குரல் அவன் காதுக்குள் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது. எதையோ அவர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடுமுன் சிவரூபி ஏறி உட்கார்ந்து, “மேலை போற றோட்டு இது ஒண்டுதானாம், எடும்,” என்றாள். வண்டி சேற்றில் வழுக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகு எதையும் யோசிக்க அவகாசம் இல்லை.

கூரைத்தகடு உரிந்த தேயிலை ஃபெக்டரியைத் தாண்டியதும் பாதை முடிந்தது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் வெட்டாமல் விட்ட தேயிலை, ஆளுயரத்துக்குக் காடாகி நின்றது. அதற்குக் கீழே, பனி விலகிய ஓர் இடைவெளியில், மலையைச் சுற்றி வளைந்து சுரங்கத்துக்குள் நுழையும் ரயில்பாதை பளிச்சென்று தெரிந்து மறைந்தது.

வீட்டு முன்விறாந்தை முழுக்கப் பலகைகள். பலகை முழுக்கத் தலைகள். சுடாத தலைகள், சாம்பல் நிறத்தில், கண்மூடி. அவற்றின் நடுவே சேலையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை வெள்ளைக் களிமண்ணாக ஒரு பெண் அச்சுக்குள் மண்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது. நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“நானா அனுப்பிச்சாரா? தல இன்னும் காயலன்னு சொல்லுங்க. மழ பேஞ்சா நான் என்ன, மூச்சு விட்டா காய வைக்கிறது?”

“உங்கடை தலைகள் எல்லாம் நல்ல வடிவு,” என்றாள் சிவரூபி.

“அச்சு நல்ல அச்சுங்க. பெரிய பங்களாத் தொரசாணி சீமையிலேருந்து கொண்டாந்த டோப்பாத் தல ஒன்னு ஒடஞ்சிருச்சு. அதே மாதிரி செஞ்சி குடுன்னு எங்கப்பாகிட்ட நின்னாங்க. அப்ப எடுத்த அச்சு. தொரசாணி கப்பலேறிட்டாங்க. அச்சு கப்பலேறல.”

“இதுவும் அந்த அச்சுத்தானே?”

சிவரூபி பையைத் திறந்தாள். தலை வெளியே வந்த நொடியில் அங்கம்மாவின் கையிலிருந்த குவளை விழுந்து குழம்பு தரையெங்கும் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. பாய்ந்து வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்தத் தலையின் கண்களைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் மூச்சு வாங்கினாள்.

“யாரு பாத்தாங்க இத?”

“ஏன், பாக்கக்கூடாதோ?”

“யாரு பாத்தாங்கன்னு கேட்டேன்.”

சிவரூபி நாற்காலியொன்றை இழுத்து உட்கார்ந்தாள். “நான் சொல்லுறன், பிழையெண்டாத் திருத்துங்கோ. டோப்பா மாட்டுற தலையிலை டோப்பா மூடுற இடத்திலை ஆரும் மினக்கெட்டு ஒரு காயம் கீற மாட்டினம். அதுக்குத் தையல் வேறை போட மாட்டினம். அப்ப இது டோப்பாவுக்குச் செய்த தலை இல்லை. எங்கடை ஆக்கள் கால் சுகமாக வேணுமெண்டு நேந்தா வெள்ளியிலை கால் செய்து கோயிலுக்குக் குடுப்பினம். கண் நோவெண்டாக் கண். தலையிலை காயமெண்டா?”

அங்கம்மா துண்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். ஓட்டிலிருந்து மழை ஒழுகியது.

“தல,” என்றாள் கடைசியில். “மண்ணுல ஒரு தல செஞ்சி வைக்கிறேன் தாயேன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன். பொழைக்குமா பொழைக்காதான்னு கெடந்திச்சு அந்தப் புள்ள. அச்சுல வார்த்து, ஈரத்துலயே அந்தப் புள்ள மொகமாத் திருத்தினேன். கண்ணு தொறக்காத உருவ அவ வாங்கிக்க மாட்டா மிஸ். காயம் எங்கன்னு காட்டாட்டி, எதக் கேட்டு வந்தோம்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“பிறகு கடைக்கு எப்பிடிப் போச்சு?”

“தலய ஒளிக்கத் தலைங்களுக்கு நடுவுலதான் வச்சேன். கோயிலுக்குப் போற வரைக்கும் அது யாரையும் பாக்கக்கூடாதுன்னு கண்ணக் கட்டித்தான் வச்சிருந்தேன். பூசாரியப் பாத்துட்டு வர்றதுக்குள்ள லொறிக்காரப் பய வந்து பலகையோட அள்ளிக்கிட்டுப் போயிட்டான்.”

“ஆரிட்டையிருந்து ஒளிச்சனீங்கள்?”

அங்கம்மா குனிந்து, விழுந்த குவளையை எடுத்தாள். சிவரூபி கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

“நீர் சொல்லும். தனேஸ்வரன் என்ன வியாபாரம் செய்யிறவர்?”

“தரை ஓடு, கொமட்டு, பேசின்...”

“விடிஞ்சாப் பொழுதுபட்டா வெடிச்ச ஓட்டைத் தட்டித் தட்டிப் பொறுக்கிப் போடுற மனுசன். அவருக்கு வெடிப்புக்கும் தீட்டின கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதோ? காயமில்லை, வெடிப்பு எண்டார். நான் கேக்க முதலே சொன்னார்.”

கஜேந்திரன் கண்கட்டிய தலையைத் திரும்பிப் பார்த்தான்.

“இன்னொண்டு. மனிசியைக் காணேல்லை எண்டு வந்தவர். அவளின்ரை முகத்தைக் கண்டிட்டு வந்தவர். அப்பிடிப்பட்டவர் முதலிலை என்ன கேக்க வேணும்? என்ரை மனிசி எங்கை எண்டு கேக்க வேணும். உயிரோடை இருக்கிறாளோ எண்டு கேக்க வேணும். அவர் என்ன கேட்டார்?”

“செஞ்சது யாருன்னு...” என்றான் கஜேந்திரன். தொலைபேசியிலும் அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

“ஓம். ஏனெண்டா அவள் எங்கை எண்டு அவர் தேடேல்லை. அவளை இந்த ரயில் பாதையிலை தள்ளிவிட்ட கையோடை அந்தக் கணக்கை முடிச்சுப் போட்டார். பிறகு ஒரு நாள் கடைக் கண்ணாடிக்குள்ளை அவள் காயத்தோடையும் தையலோடையும் முழிச்சுப் பாக்கிறாள். செத்தவளுக்கு ஆர் தையல் போட்டது? அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் எங்களைப் பிடிச்சவர்.”

“சாகல மிஸ்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

கதவு நிலையைப் பிடித்தபடி அவள் நின்றாள். மழித்த தலையில் முடி விரல்கடை அளவுக்கு முளைத்திருந்தது; இடக்காதுக்கு மேலே மட்டும் முளைக்காத ஒரு வளைவு. ஒரு காலில் மூங்கில் பத்தை கட்டி இறுக்கியிருந்தது. பலகையில் கண்கட்டியிருந்த முகமும் நிலையில் நின்ற முகமும் ஒன்றே. கஜேந்திரனுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

“தெமோதர ஸ்டேசன் தாண்டி ரயில் வளையும்போது, வாசல்ல நின்னு லைட் பாருன்னு கூப்பிட்டாரு. கல்யாணம் பண்ணி இத்தன நாள்ல அப்படி ஆசையா ஒரு வார்த்த சொன்னதில்ல மிஸ். போனேன்.” விஜயலெட்சுமி மூச்சு வாங்கிக்கொண்டாள். “லயத்துப் பொண்ணு வேணாம்னு அவரு வீட்டுல ஒத்தக்கால்ல நின்னாங்க. கொழும்புல வேற எடம் பாத்துட்டாங்க. நான் வெலக மாட்டேன்னுட்டேன். தேயிலச் செடி மேல விழுந்ததால பொழச்சேன். அக்கா வெறகு பொறுக்க வந்தவங்க, தூக்கிக்கிட்டு வந்து தையலும் போட்டு விட்டாங்க.”

“ஆஸ்பத்திரிக்கு ஏன் போகேல்லை?”

“போனா பேரு கேப்பாங்க. பேரச் சொன்னா புருசனக் கூப்புடுவாங்க.”

சிவரூபி எழுந்தாள். கண்ணில் ஒரு வேகம் வந்திருந்தது. “சரி. எங்களிட்டை ஒரு பலம் இருக்கு. நாங்கள் இங்கை வந்தது அவருக்குத் தெரியாது. இருட்ட முதல் இவவை வண்டியிலை ஏத்தி, ஹப்புத்தளையிலை எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர்மாரிட்டை விட்டிட்டால்...”

நிறுத்தினாள். விறாந்தையில் ஏதோ குறைந்தது. அவள் மெதுவாகத் திரும்பினாள்.

“கஜேந்திரன். உம்மடை வாய் ஏன் மூடியிருக்கு?”

அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். மழையில் எழுத்துகள் கரைந்திருந்தன. “சந்தியில வச்சி... அந்த மனுசன் பாவம்னு நெனச்சி மிஸ்...”

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அதற்குள் கீழேயிருந்து, ஃபெக்டரி வளைவுக்கு அப்பால், ஒரு டெலிக்கா வான் கியர் மாற்றி முனகும் ஓசை மழையைக் கிழித்துக்கொண்டு ஏறியது.

“பின்பக்கத்தாலை?” என்றாள் சிவரூபி.

“பாறைங்க மிஸ். இந்தக் காலோட தேயிலைக்குள்ள எறங்க முடியாது,” என்றாள் அங்கம்மா. பிறகு, களிமண் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, “சூளை ஆறிக் கெடக்கு,” என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் செங்கல் சூளை கவிழ்த்த கூடைபோல நின்றது. உள்ளே தட்டுகளில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் தலைகளை அடுக்கிய பிறகு வாயைச் செங்கல்லால் அடைத்து, இடுக்கில் களிமண் பூசி, அதற்குப் பிறகுதான் தீ வைப்பது அங்கம்மாவின் வழக்கம். அடைத்த வாயைப் பார்த்தால், உள்ளே சரக்கு வேகக் காத்திருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். விஜயலெட்சுமி அந்தக் கறுப்பு வாய்க்குள் முதுகை வளைத்து ஊர்ந்து போனாள். பத்தை கட்டிய காலை அங்கம்மா இரண்டு கையாலும் தூக்கி, பிறந்த குழந்தையை வைப்பதுபோல உள்ளே வைத்தாள்.

“கல்ல எடுத்துக் குடுய்யா. பாத்துக்கிட்டு நிக்காத.”

கஜேந்திரன் கொடுத்தான். அவன் கொடுக்கக் கொடுக்க அங்கம்மா அடுக்கினாள். அவள் விரல்களுக்கு அவசரம் இருந்தது, நடுக்கம் இல்லை. சுவர் முழங்காலுக்கு, இடுப்புக்கு, நெஞ்சுக்கு உயர்ந்தது. உள்ளிருந்து பழைய புகை நாற்றமும் ஒரு பெண்ணின் மூச்சும் மட்டும் வந்தன.

முன்பக்கம் வான் வந்து நின்றது. இயந்திரத்தை யாரும் அணைக்கவில்லை. கதவு உருளும் ஓசை.

“வாங்கோ,” என்று சிவரூபியின் குரல் கேட்டது. விருந்தாளியை வரவேற்பதுபோல நிதானமாக. “இந்த மழைக்குள்ளை ஏன் மினக்கெட்டனீங்கள்?”

“பரவாயில்லை மிஸ்.” அதே மெதுவான, ஈரமான குரல். “உங்கடை தம்பி எங்கை? அவரோடைதான் எனக்கு ஒரு கதை இருக்கு. உள்ளதை உள்ளபடி சொல்லுற பிள்ளை.”

அங்கம்மா கடைசிக் கல்லுக்குக் கை நீட்டினாள். அந்தக் கல்லளவு இடைவெளியில் இரண்டு கண்கள் தெரிந்தன. அவை அங்கம்மாவைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்கக்கா.” கிசுகிசுப்பாக வந்தது குரல். “அண்ணே. இவங்க சொன்னா அவரு நம்ப மாட்டாரு. அந்த மிஸ் சொன்னாலும் நம்ப மாட்டாரு. ஒங்க வாயத்தான் நம்புறாரு. காயம் ஆறாமயே நான் செத்துட்டேன்னு, பொதச்ச எடத்த ஒங்க கண்ணால பாத்தேன்னு, அவரு மொகத்தப் பாத்து நீங்க சொல்லுவீங்களாண்ணே?”